நல்ல பூட்சும் நல்ல பனியனும் நமக்கு வேண்டாமா?

சென்ற மாதம் ஒரு மில் பகுதியில் கிளைக் கூட்டம். இரவு ஷிப்டு முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார் ஓர் இளந்தோழர். வயது இருபத்திரண்டு இருக்கும். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை. காலில் பளபளவென்று வெள்ளைப் பூட்ஸ், பக்கத்தில் சிவப்புக் கோடு. உடம்பில் பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை போட்ட பனியன். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே மூத்த தோழர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளைக் கோலம்? சந்தா கேட்டால் அடுத்த மாதம் என்கிறாய். காலுக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாயா?"

இளைஞரின் முகம் சுண்டிவிட்டது. "இரண்டாயிரம் இல்லை அண்ணே, எண்ணூற்றைம்பதுதான். முதலாளி மகன் போட்டால் நாகரிகம், நான் போட்டால் ஜம்பமா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. கூட்டம் முடிந்ததும் அந்தப் பூட்சைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தோம். வாங்கி ஏழு வாரம்தான் ஆகிறது. முன்பக்கம் ஒட்டு விட்டு வாய் பிளந்திருந்தது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தே தப்பு. தோழரின் சுண்டு விரலில் பெரிய கொப்புளம்.

இருவரும் பாதி சரி, பாதி தவறு என்பது நமது தீர்ப்பு. காசு வீணாயிற்று என்று மூத்த தோழர் சொன்னது சரி; தொழிலாளி நல்லது போடக் கூடாது என்று நினைத்தது தவறு. நல்லது போட வேண்டுமென்று இளந்தோழர் ஆசைப்பட்டது சரி. காலைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்கியது தவறு.

நல்ல காலணியும் நல்ல உடுப்பும் நம் உரிமை என்பதைச் சொல்லவும், அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லவுமே இதை எழுதுகிறோம்.

செருப்பு சின்ன விஷயமா?

"கூலியையும் விலைவாசியையும் பற்றி எழுத வேண்டிய பத்திரிகையில் செருப்பும் பனியனுமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. 1852ஆம் ஆண்டு லண்டனில் கார்ல் மார்க்ஸ் வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தார். காரணம் போலீஸ் அல்ல. கோட்டுகள் அடகுக் கடையில் இருந்தன. எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். உடுப்பு இல்லாதவனுக்கு உலகத்தின் கதவு எப்படி மூடிக்கொள்ளும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல.

லண்டன் வரைக்கும் போவானேன்? நம் ஊருக்கு வருவோம். நாம் சிறு பையனாக இருந்தபோது நமது தகப்பனார் ஒரு ஜோடி டயர் செருப்பு வைத்திருந்தார். வரப்பில் போட்டுக்கொள்வார். ஆண்டைகளின் தெருமுனை வந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெரு தாண்டியதும் மறுபடி மாட்டிக்கொள்வார். "ஏன் அப்பா கழற்றுகிறாய்?" என்று ஒரு நாள் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை, வேகமாக நடந்தார். அந்த மௌனம் இன்னும் நம் காதில் இருக்கிறது.

காலில் செருப்பு, தோளில் துண்டு, முழங்காலுக்குக் கீழே வேட்டி — இந்த மூன்றும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். 1940களில் கீழத் தஞ்சையில் பி.சீனிவாசராவ் தலைமையில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டினார்கள். நிமிர்ந்து நடக்கும் உரிமையும் அந்தப் போராட்டத்தோடு சேர்ந்தே வந்தது.

அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகாவில் ராஜாவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஆதிக்கச் சாதியினர் குடியிருக்கும் ஒரு தெருவில் அருந்ததிய மக்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத நிலை தலைமுறை தலைமுறையாக இருந்தது. நடந்தால் மூன்று மாதத்தில் சாவு வரும் என்று கதை வேறு கட்டிவிட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு சேர்ந்து சுமார் 60 பேர் அந்தத் தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து எழுபத்தாறு ஆண்டு கழித்து!

இதில் இரண்டு கொடுமைகளைக் கவனியுங்கள். தோல் தைத்து ஊருக்கெல்லாம் செருப்புச் செய்து கொடுத்த கைகள் அருந்ததியர் கைகள். செய்தவனுக்குப் போட உரிமை இல்லை. அடுத்தது, இது நடந்தது திருப்பூர் மாவட்டத்தில். உலகத்து விளையாட்டு வீரர்கள் போடும் பனியன் தயாராகும் அதே மாவட்டத்தில்!

ஆகவே தொழிலாளி ஒருவன் நல்ல செருப்பு மாட்டி, சுத்தமான சட்டை போட்டு, தலை நிமிர்ந்து நடந்தால் அதைப் பகட்டு என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்பவன் யாருடைய வாயால் பேசுகிறான் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

வெறுங்கால் வீரமல்ல

சிலர் வெறுங்காலைப் புகழ்வார்கள். மண்ணோடு உறவு, உடம்புக்கு நல்லது என்பார்கள். அவர்கள் காலை நேரத்தில் புல்தரையில் அரை மணி நடப்பவர்கள். நமது விவசாயத் தொழிலாளி சாணமும் சேறும் முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில் நாள் முழுவதும் நிற்கிறவன்.

கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. அதன் குஞ்சு ஈர மண்ணில் இருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. ஆள் வெளுத்துப்போகிறான், நாலு நடை நடந்தால் மூச்சு வாங்குகிறது. "சோம்பேறி" என்று பண்ணையார் திட்டுகிறார். சோம்பலல்ல, சோகை! எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சிறு வெட்டின் வழியாக ஏறுகிறது. வயலில் பாம்பு கடிக்கும் இடம் பெரும்பாலும் காலும் பாதமுமே. சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காலில் ஒரு முள் குத்தினால் விரலே போகலாம், காலே போகலாம்.

விளையாட்டிலும் வெறுங்காலைப் பற்றிக் கதைகள் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்துக் குழுவில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். 1960இல் ரோம் நகர ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். ஆட்டிடையன் மகன், சாதாரணப் படைவீரன். உலகம் வியந்தது. ஆனால் அவர் ஏன் வெறுங்காலோடு ஓடினார்? கொடுத்த பூட்ஸ் காலுக்குச் சேரவில்லை; கடித்தது. சேராத பூட்சைவிட வெறுங்கால் மேல் என்று முடிவு செய்தார்.

அதே பிகிலா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், காலுக்குச் சேர்ந்த பூட்ஸ் போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். ரோமில் 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. டோக்கியோவில் 2 மணி 12 நிமிடம் 11 வினாடி. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. முதல் கேள்வி பூட்ஸ் எந்தக் கம்பெனி என்பதல்ல. காலுக்குச் சேருகிறதா என்பதே.

காலே அளவுகோல்

கடைக்குள் போகுமுன் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள். நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த பூட்ஸ் மாலையில் கடிக்கும். நின்றுகொண்டு இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். நீளமான விரலுக்கும் பூட்சின் நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "போடப் போட இளகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். இளகுவது பெரும்பாலும் பூட்ஸ் அல்ல, உங்கள் தோல்தான்.

செருப்பில்லாமல் வளர்ந்த கால் விரல் பக்கம் அகன்று விரிந்திருக்கும். அது குறையல்ல. ஆனால் கூர்மூக்குப் பூட்ஸ் அந்தக் காலுக்கு எமன். சுண்டு விரலில் கொப்புளம், பிறகு கால் ஆணி, பிறகு நொண்டல். முன்பக்கம் அகலமான பூட்சையே தேடுங்கள்.

அடுத்து, கையில் எடுத்து வளையுங்கள். பாதம் எங்கே மடிகிறதோ, அதாவது விரல்கள் தொடங்குகிற இடத்தில், பூட்சும் அங்கேதான் மடிய வேண்டும். நடுவயிற்றில் காகிதம் மாதிரி மடிந்தால் அது நிற்காது. குதிகால் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தொளதொளவென்று அமுங்கினால் கணுக்கால் பிசகும். அடிப்பாகமும் மேல்பாகமும் சேரும் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். வெறும் பசை மட்டும் போட்டதா, தையலும் உண்டா? மழைக்காலத்தில் பசை கைவிடும், தையல் தாங்கும்.

அடிப்பாகத்தில் வகை உண்டு. பி.வி.சி. மலிவு, ஆனால் கனம், ஈரத்தில் வழுக்கும், நாளானால் விறைத்து வெடிக்கும். நுரை அடி லேசாக இருக்கும். ஓடுவதற்கு மெத்தென்று இருக்கும். சீக்கிரம் அமுங்கித் தேயும். ரப்பர் அடி சற்றுக் கனம். பிடிப்பும் உழைப்பும் அதிகம். மேலே நுரையும் தரையில் படும் இடத்தில் ரப்பரும் வைத்தது கிடைத்தால் நல்லது.

காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு. ஆகையால் நம் ஊர்த் தோழர் கையால் தைத்த தோல் செருப்பில் முத்திரை இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். உண்மையில், தேய்ந்தால் அடி மாற்றித் தைக்கக்கூடிய தோல் செருப்பே பல வருஷம் வரும். தூக்கி எறியும் பூட்ஸ் மூன்று வாங்கும் காசு அதில் மிச்சம்.

வரி விஷயம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட காலணிக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2022 ஜனவரி முதல் 12 சதவீதமாக உயர்த்தினார்கள். ஏழையின் செருப்பில் இரண்டு மடங்குக்கு மேல் வரி! 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரையுள்ள காலணிக்கு மீண்டும் 5 சதவீதம் என்று குறைத்தார்கள். குறைந்த வரி உங்கள் ரசீதில் குறைந்திருக்கிறதா, இல்லை கடைக்காரர் பையிலேயே தங்கிவிட்டதா என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

வயலுக்கு எது, மில்லுக்கு எது?

எல்லா வேலைக்கும் ஒரே காலணி கிடையாது.

நாற்றங்காலிலும் நடவுச் சேற்றிலும் எந்தப் பூட்சும் உதவாது. சேறு பிடித்து இழுத்துவிடும். ஆனால் வரப்பு, களம், கரும்புத் தோட்டம், மருந்தடிப்பு ஆகியவற்றுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். மருந்தடிக்கும்போது பேண்ட்டைப் பூட்சுக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் மருந்து வழிந்து பூட்சுக்குள் தேங்கும். சேற்றிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி விரலிடுக்கைத் துணியால் ஒற்றித் துடைத்தால் பாதிச் சேற்றுப்புண் வராது. பித்தவெடிப்புக்கு இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம். காசு அதிகமில்லை, நாள்தோறும் கவனம் வேண்டும்.

மில்லில் சைடர் ஒருவர் ஷிப்டு முழுவதும் பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். தரையில் பஞ்சு, எண்ணெய். ஹவாய் செருப்பு போட்டு நடந்தால் வழுக்குகிறது. தள்ளுவண்டிச் சக்கரம் விரலில் ஏறுகிறது. விரலை மூடிய, லேசான, வரிப்பள்ளம் உள்ள ரப்பர் அடிப் பூட்ஸ்தான் வேண்டும். லேஸ் தொங்கக் கூடாது. கழுத்தில் துண்டும் கூடாது. சுழலும் யந்திரத்துக்கு நூலும் துண்டும் ஒன்றுதான், இரண்டையும் இழுக்கும். சாயப்பட்டறையில் ரப்பர் பூட்ஸ். பேல் தூக்குபவர், பாரம் ஏற்றுபவர், ஒர்க்ஷாப்பில் வேலை செய்பவர் ஆகியோருக்கு நுனியில் இரும்புத் தொப்பி வைத்த பாதுகாப்புப் பூட்ஸ். அதற்குத் தர எண் ஐ.எஸ். 15298. அதில் பாதுகாப்புப் பூட்சின் நுனி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். கணக்குச் சொன்னால், 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுந்தாலும் விரல் தப்ப வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லுகிறோம். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போடும் பூட்ஸ் நம் காசில். யந்திரத்தின் முன்னும் சாயத் தொட்டியின் முன்னும் போடும் பூட்ஸ் முதலாளியின் காசில். அது வேலைக் கருவி. யந்திரத்துக்கு எண்ணெய் போடத் தொழிலாளியிடம் காசு கேட்பதுண்டா? காலைக் காக்க மட்டும் அவன் கூலியில் ஏன் கை வைப்பது?

ஓடுகிற தம்பிகளுக்கு

விடியற்காலையில் எந்த ஊர் ரோட்டில் போனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். சிலர் ஹவாய் செருப்போடு ஓடுகிறார்கள். சிலர் அண்ணன் போட்டுத் தேய்ந்த பூட்சோடு. தார் ரோட்டில் விறைத்த அடியோடு மாதக்கணக்கில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி பிடிக்கும். தேர்வு நாளில் படுத்துவிட நேரும்.

தம்பிகளே! ஒரு ஜோடி வாங்க மட்டுமே காசு இருந்தால் ஓடுவதற்கென்றே செய்த, வலைத்துணி மேல்பாகம் உள்ள, காலுக்குச் சேர்ந்த பூட்ஸ் வாங்குங்கள். அதை ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்கும் சந்தைக்கும் போட்டுத் தேய்க்காதீர்கள். ஓட்டப் பூட்சின் ஆயுள் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர். தினம் 3 கிலோமீட்டர் ஓடினால் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம். அதற்குப் பிறகு மேலே அழகாக இருந்தாலும் உள்ளே நுரை செத்துப்போயிருக்கும். முடிந்தால் தாரை விட்டு மண் பாதையில் ஓடுங்கள். காலுக்கும் நல்லது, லாரிக்கும் தப்பலாம்.

இரண்டு ஜோடி பருத்திக் காலுறை வேண்டும். தினம் மாற்ற வேண்டும். நனைந்த பூட்சை வெயிலிலும் அடுப்படியிலும் காயவைத்தால் பசை விடும், தோல் சுருங்கும். உள்ளே பழைய பத்திரிகைக் காகிதத்தைச் சுருட்டி அடைத்து நிழலில் வையுங்கள். ஈரத்தைக் காகிதம் குடித்துக்கொள்ளும். நம் பத்திரிகையையும் அதற்குப் பயன்படுத்தலாம், படித்து முடித்த பிறகு!

பனியனுக்கு வருவோம். பருத்தி உடம்புக்கு இதம், வியர்வையை உறிஞ்சும், ஆனால் நனைந்தால் கனக்கும், மெதுவாகக் காயும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஓட்டத்துக்கும் கபடிக்கும் வாலிபாலுக்கும் லேசு. ஆனால் வியர்வை நாற்றம் தங்கும். ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாய்லர், வெல்டிங், அடுப்புப் பக்கம் வேலை செய்பவர் அதைப் போடக் கூடாது. பருத்தியே போட வேண்டும். விளையாட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடை மாதிரி தெரிந்தால் வேண்டாம். கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தோள் தையல் தோள் எலும்பில் உட்கார வேண்டும். உள்ளே புரட்டித் தையலைப் பாருங்கள். நூல் பிசிர் தொங்கினால் நாலு துவைப்பில் பிரியும். திருப்பூர் காதர்பேட்டை மாதிரியான சந்தையில் ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய சரக்கு பெரிய முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைக்கும். பார்த்துப் பொறுக்கத் தெரிந்தவனுக்கு நல்ல சரக்கு.

மோஸ்தர் என்பது என்ன?

சினிமாவும் விளம்பரமும் நமக்குச் சொல்லித் தரும் மோஸ்தர் ஒன்று இருக்கிறது. மார்பில் பெரிய முத்திரை, காலில் மூன்று வர்ணம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுசு. அது வியாபாரியின் மோஸ்தர். போலி முத்திரை அந்த மோஸ்தரின் குறைமாதப் பிள்ளை. பெயருக்கு ஆசைப்பட்டவனிடம் பெயரை மட்டும் விற்கிறான், பூட்சை விற்கவில்லை.

நமது மோஸ்தர் வேறு. உடம்புக்குச் சரியான அளவு, சுத்தம், ஒன்றுக்கொன்று பொருந்தும் நிறம். கறுப்போ பழுப்போ ஒரு நல்ல தோல் செருப்பு அல்லது பூட்ஸ். அதே நிறத்தில் பெல்ட். வேட்டிக்குச் செருப்பு, பேண்ட்டுக்குப் பூட்ஸ். வாரம் ஒரு முறை பாலிஷ். இரண்டு வெளிர்நிறச் சட்டை, துவைத்துத் தேய்த்தது. இவ்வளவு இருந்தால் எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தக் கலெக்டர் ஆபீசிலும் நம் தோழர் முன்வரிசையில் நிற்கலாம். கடன் வாங்கி, தவணை கட்டி, கந்துக்காரனுக்குப் பயந்து முகத்தை மறைத்துக்கொண்டு போடும் ஐயாயிரம் ரூபாய்ப் பூட்சில் அழகு எங்கே இருக்கிறது?

யார் கை செய்தது?

கடைசியாக ஒரு விஷயம். அந்தப் பெயர் பெற்ற பூட்சும் பனியனும் எங்கே தயாராகின்றன? வானத்திலிருந்து விழவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலாளர்கள் பதனிட்டுத் தைத்த தோல் பூட்ஸ் ஐரோப்பாவுக்குப் போகிறது. செய்யாறு சிப்காட்டில் நம் கிராமத்துப் பெண்கள் உலகப் பெயர் பெற்ற ஓட்டப் பூட்சைத் தைக்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்சின் மேல்தோலைக் கையால் தைக்கும் தாய்மார்களுக்கு ஜோடிக் கணக்கில் சொற்பக் கூலி. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பளபளக்கும் தோலுக்குப் பின்னால் இந்தச் சாவும் இருக்கிறது.

திருப்பூரில் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு பனியனும் எத்தனை கை மாறுகிறது! 1984இல் பஞ்சப்படி கேட்டு அந்தப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டினி கிடந்தார்கள், பணியவில்லை. ஒரு பனியனைக் கையில் எடுக்கும்போது முத்திரையைப் பார்க்கும் முன் அந்த 127 நாளை நினைத்துப் பாருங்கள்.

கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கும் பூட்சில் தைத்தவளின் கூலி எவ்வளவு சொற்பம் என்பது தைத்தவளுக்குத் தெரியும். மீதி எங்கே போகிறது? விளம்பரத்துக்கு, பெயருக்கு, இடைத்தரகுக்கு, லாபத்துக்கு. ஆகவே பெயருக்கு விலை கொடுக்காதே என்று நாம் சொல்வது கஞ்சத்தனத்தால் அல்ல. பூட்சில் உள்ள உழைப்பு நம்முடையது. பெயரில் உள்ள கொள்ளை அவர்களுடையது. நல்ல உழைப்பைப் பார்த்து வாங்குவோம்; கொள்ளைக்குக் கப்பம் கட்ட வேண்டாம்.

சங்கம் கேட்க வேண்டியவை

இவை தனி ஆள் கடையில் முடித்துக்கொள்ளும் விஷயங்கள் மட்டுமல்ல. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டியவை இவை: வேலைக்குத் தகுந்த பூட்ஸ் ஆண்டுக்கு இரண்டு ஜோடி, நிர்வாகத்தின் செலவில், ஆண் பெண் இருவருக்கும் அவரவர் கால் அளவில். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் அதே பூட்ஸ். காலில் நிரந்தரம், தற்காலிகம் என்று வித்தியாசம் கிடையாது. மருந்தடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு ரப்பர் பூட்சும் கையுறையும் நிலக்காரர் பொறுப்பு. துப்புரவுத் தொழிலாளிக்குப் பூட்ஸ் கணக்கில் மட்டும் இருந்தால் போதாது, காலில் இருக்க வேண்டும். எந்த ஊரில் எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னாலும், அந்தத் தெருவில் நாம் அனைவரும் செருப்போடு சேர்ந்து நடக்க வேண்டும்.

அந்த இளந்தோழரைப் போன வாரம் மறுபடி பார்த்தோம். பிளந்த பூட்சைத் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தோழரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வேலைக்கு வைத்துக்கொண்டாராம். சம்பளம் வந்ததும் சாயங்காலம் கடைக்குப் போய், நின்று அளந்து, கறுப்பு நிறத்தில் அகல முன்பக்கம் உள்ள பூட்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். ரூ. 700. மார்பில் முத்திரை இல்லாத நீலப் பனியன். ஆள் முன்னைவிட அழகாக இருந்தார். சந்தாவும் கட்டிவிட்டார். மூத்த தோழர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் கடை தம்பி? எனக்கும் குதிகால் வலி தாங்கவில்லை" என்று கேட்டார்.

தோழர்களே! நம் தகப்பன்மார் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். நாம் காலில் போட்டு நடக்கிறோம். நம் பிள்ளைகள் நல்லதாகப் போட்டு ஓடட்டும்.